கட்டி வளர்கிறது, ஒளி குறைகிறது: எதை நம்புவது?

நிலாமுற்றம்:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பத்து நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன்.

சுண்டெலியின் மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்த 4டி1 செல்களுக்குள் மின்மினிப் பூச்சியை ஒளிர வைக்கும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவைச் சேர்த்து, பால்ப்-சி வகை வெள்ளை எலிகளின் பால்சுரப்பிக் கொழுப்பில் செலுத்தியிருக்கிறோம். வாரம் இரண்டு முறை எலிக்கு அந்த நொதி எரித்து ஒளியாக்கும் லூசிஃபெரினை ஊசி போட்டு, மயக்கி, இருட்டுப் பெட்டிக்குள் கேமராவின் அடியில் கிடத்தி, கட்டியிலிருந்து வரும் ஒளியை அளக்கிறேன். அன்றைக்கே காலிப்பரால் கட்டியின் நீள அகலத்தையும் குறித்துக்கொள்கிறேன்.

முதல் இரண்டு வாரம் இரண்டும் சேர்ந்தே ஏறின. பிறகு பிரிந்துவிட்டன. 24ஆம் நாள் கட்டியின் குறுக்களவு 11 மில்லிமீட்டர். தோலுக்கடியில் ஊறவைத்த கொண்டைக்கடலை போல விரலில் தட்டுப்படுகிறது. ஒளியோ 15ஆம் நாள் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆறு எலிகளில் ஐந்தில் இப்படித்தான்.

இந்த ஆறும் மருந்து கொடுக்காத எலிகள். வெறும் உப்புநீர் பெற்றவை. இதே சரிவு மருந்து பெற்ற கூட்டத்தில் வந்திருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்து எழுதி முடித்திருப்பேன். அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

எடைக்கேற்ப கிலோவுக்கு 150 மில்லிகிராம் லூசிஃபெரின் கொடுக்கிறேன். ஊசி போட்ட 10ஆம் நிமிடத்தில் படம் எடுக்கிறேன். கட்டி உண்மையில் சாகிறதா, என் அளவீடு பொய் சொல்கிறதா?

குளிரறை:

வணக்கம் நிலாமுற்றம். விலங்குப் படப்பிடிப்பு அறையில் 13 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியோடு வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் அறைக் கதவைத் தட்டுவார்கள். ஒரே காரணம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் ஊசி. வயிற்றறைக்குள் போக வேண்டிய லூசிஃபெரின் சில நேரம் குடலுக்குள் இறங்கிவிடும், சில நேரம் தோலுக்கடியிலேயே தங்கிவிடும். 20 கிராம் எலிக்கு 3 மில்லிகிராம். மில்லிக்கு 15 மில்லிகிராம் உள்ள கரைசலில் 200 மைக்ரோலிட்டர். எலியின் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள், குடல் நெஞ்சுப் பக்கம் சரியும். அடிவயிற்றின் வலப்புறம் ஊசியை நுழைத்து, அழுத்தும் முன் தண்டை இம்மியளவு பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பச்சை கலந்த பழுப்பு நீர் ஏறினால் குடலில் இருக்கிறீர்கள். தெளிந்த மஞ்சள் நீர் வந்தால் சிறுநீர்ப்பை. ஒன்றும் வராவிட்டால் மட்டும் செலுத்துங்கள். ஊசி தவறிய எலி அன்றைக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் ஆறில் ஐந்துக்கு, அதுவும் அடுத்தடுத்த முறைகளில், கை தவறாது. ஆகவே உங்கள் சிக்கல் இதோடு முடிவதில்லை.

அடுத்தது அந்த 10ஆம் நிமிடம். அதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? செய்முறைத் தாளில் இருந்ததா, நீங்களே வரைந்து பார்த்ததா? வயிற்றறையிலிருந்து லூசிஃபெரின் இரத்தத்துக்கு ஏறி, கட்டிக்குள் போய், செல்லுக்குள் நுழைந்து, பிறகுதான் எரிய வேண்டும். சின்னக் கட்டியில் 10 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சம் வரும். கட்டி பெருத்து அதன் நடுவில் இரத்தக் குழாய்கள் நசுங்கியபின் அதே உச்சம் தள்ளிப்போகும். நீங்கள் இன்னமும் பழைய நேரத்திலேயே படம் எடுத்தால், மலை ஏறிக்கொண்டிருப்பவனைப் பாதி வழியில் அளந்ததாகத்தான் ஆகும். நாளைக்கே ஒரு எலியை எடுத்து, 2 நிமிடத்துக்கு ஒரு படமாக 40 நிமிடம் வரை எடுங்கள். எல்லாவற்றையும் விட அது முக்கியம்.

கேமரா நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஒளி மிகுந்து ஒரு புள்ளி கொள்ளளவைத் தாண்டினால் அதற்கு மேல் எண்ணாது. அந்தப் படத்தின் எண்ணுக்கு மதிப்பே இல்லை. 15ஆம் நாள் படங்களையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள்.

அலைநீளம்:

நான் ஒளியியல் ஆள். உயிரியல் நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்தபோது எனக்கு ஓயாமல் உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். படத்தில் எலியின் மேல் நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணம் பூசிக் காட்டுகிறார்களே, அந்த வண்ணங்கள் எலியிலிருந்து வரவே இல்லை. கேமரா எண்ணிய ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்குக் கணினி பூசிய சாயம் அது. சிவந்த இடம் கட்டியின் நடு என்று கண் நம்பிவிடுகிறது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த எலிப் படத்தின் மேல், இருட்டில் எண்ணிய கணக்கை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த ஃபோட்டான் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். லூசிஃபெரேஸ் ஒரு நொதி. அதற்கு லூசிஃபெரின் வேண்டும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வேண்டும், மக்னீசியம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விளக்கு மங்கும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் போகாது; இரத்தம் போகாத இடத்தில் ஆக்சிஜன் இல்லை, லூசிஃபெரினும் இல்லை; செத்துக்கொண்டிருக்கும் செல்லில் ஏடிபியும் இல்லை. காலிப்பரோ செத்த சதையையும் வீங்கிய நீரையும் சேர்த்தே அளக்கிறது. அப்படியானால் உங்கள் இரண்டு கருவிகளும் ஒருவேளை உண்மையே சொல்கின்றன, வேறு வேறு பொருளைப் பற்றி.

பிறந்த ஃபோட்டான் வெளியே வருவது இன்னொரு பாடு. மின்மினியின் நொதி 25 டிகிரியில் சுமார் 560 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிர்கிறது. எலியின் உடல் சூடான 37 டிகிரியில் அதே நொதியின் உச்சம் 610 அருகே, சிவப்புப் பக்கம் நகர்கிறது. இதை இயற்கை நமக்குச் செய்த பேருதவி என்றே சொல்வேன். ஏனென்றால் 600 நானோமீட்டருக்குக் கீழே ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கித் தள்ளிவிடும். அதற்கு மேலே விழுங்குவது வெகுவாகக் குறைகிறது. இருட்டறையில் டார்ச் விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெள்ளை ஒளிதான் உள்ளே போகிறது, விரலிடுக்கில் செக்கச்செவேலென்று சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. உங்கள் எலியிலும் நடப்பது இதுதான். திசுவின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் மனக்கணக்கு. கட்டி பெருக்கப் பெருக்க உள்ளே இருக்கும் செல்கள் இன்னும் ஆழத்துக்குப் போகின்றன. மேலே இரத்தம் கட்டியிருந்தாலோ, தோல் புண்ணாகிப் பொருக்குத் தட்டியிருந்தாலோ, விளக்கின் மேல் கறுப்புத் துணி போட்டது மாதிரிதான்.

பச்சைத்துளி:

முதுகலை மாணவன். தவறாக இருந்தால் திருத்துங்கள். இவ்வளவு தொல்லைக்கு, ஜெல்லி மீனின் பச்சைப் புரதமான ஜிஎஃப்பியையே செல்லுக்குள் வைத்துவிட்டால் என்ன? லூசிஃபெரின் ஊசி வேண்டாம், 10 நிமிடமா 20 நிமிடமா என்ற கணக்கு வேண்டாம், ஏடிபி வேண்டாம். நீல ஒளி காட்டினால் பச்சையாக ஒளிரும். எங்கள் வகுப்பில் நுண்ணோக்கியில் பார்த்தபோது அப்படியொரு பளிச்.

அலைநீளம்:

பச்சைத்துளி, கேட்டது நல்ல கேள்வி. நுண்ணோக்கியில் நீங்கள் பார்த்தது கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒற்றை அடுக்குச் செல்கள். எலிக்குள் இருக்கும் கட்டி அப்படியில்லை.

மின்மினி ஒளிக்கு ஒரே பயணம்: உள்ளிருந்து வெளியே. ஜிஎஃப்பி போல வெளி ஒளி பட்டால் மட்டும் ஒளிரும் உடனொளிர்வுக்கு இரண்டு பயணம். நீங்கள் காட்டும் ஒளி தோலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அது தட்டியெழுப்பிய ஒளி திரும்பி வெளியே வர வேண்டும். மேம்படுத்திய ஜிஎஃப்பியைத் தூண்டுவது 488 நானோமீட்டர், அது உமிழ்வது 507. போகும் வழி, வரும் வழி இரண்டிலும் ஹீமோகுளோபின் காத்திருக்கிறது. அது போதாதென்று, நீல ஒளி பட்டால் எலியின் தோலும் கொலாஜனும் மங்கலான பச்சையில் தாமாகவே ஒளிரும். மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டால் பனியே வெளுத்துத் தெரியுமே, அதுபோல. மின்மினி முறையில் வெளியிலிருந்து ஒளியே காட்டுவதில்லை. எலியின் உடம்பில் லூசிஃபெரேஸும் கிடையாது. பின்னணி கிட்டத்தட்ட முழு இருட்டு. ஆகவே மிக மங்கலான புள்ளியும் கணக்கில் சிக்குகிறது. அந்த இருட்டுக்காகத்தான் கேமராவை மைனஸ் 90 டிகிரி வரை குளிர வைக்கிறோம்.

ஆனால் ஜிஎஃப்பியால் முடியாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சான் டியாகோவில் ராபர்ட் ஹாஃப்மனின் குழு 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜிஎஃப்பி ஏற்றிய கட்டிகளை உயிருள்ள எலிகளில் படமெடுத்தது. 2000ஆம் ஆண்டில் முழு உடலையும் வெளியிலிருந்தே படமெடுத்துக் காட்டியது. மிகப் பிரகாசமான செல்கள், தோலுக்கு அருகில் கட்டி என்றால் அழகாக வரும். ஆழத்துக்கு வேண்டுமானால் சிவப்புப் பக்கம் போக வேண்டும். பவளத்திலிருந்து வந்த சிவப்புப் புரதத்தைச் செதுக்கி ரோஜர் சியனின் ஆய்வகம் 2004இல் தந்த எம்செர்ரி 610இல் உமிழ்கிறது. 2011இல் விளாடிஸ்லாவ் வெர்குஷாவின் குழு பாக்டீரியப் புரதத்திலிருந்து செய்த ஐஆர்எஃப்பி 690இல் தூண்டப்பட்டு 713இல் ஒளிர்கிறது. அதற்கு வேண்டிய பிலிவெர்டின் என்ற நிறமி எலியின் உடலிலேயே இருக்கிறது. எலிக்குள் உடனொளிர்வு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

குளிரறை:

தீவனத்தை மறந்துவிட்டீர்கள் அலைநீளம் ஐயா. சிவப்பு உடனொளிர்வுக்கு முதல் எதிரி அதுதான். வழக்கமான எலித் தீவன உருண்டையில் குதிரைமசால் தழை இருக்கும். அதிலுள்ள பச்சையம் சிவப்பில் ஒளிரும். முதல்முறை நான் இந்தப் படம் எடுத்தபோது வயிற்றின் நடுவில் ஒரு பெரிய வட்டம் தகதகத்தது. கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று குறித்துவைத்தேன். மறுநாள் கட்டியே வைக்காத எலியைக் கிடத்தினால் அதற்கும் அதே வட்டம். குடலில் செரித்துக்கொண்டிருந்த தழை அது. படத்துக்கு ஒரு வாரம் முன்பே பச்சையம் இல்லாத தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள். கறுப்பு எலியானால் மயிரை மழித்த பிறகும் தோலில் நிறத் திட்டுகள் வரும், அவையும் ஒளியைக் குடிக்கும். உங்களுடையது வெள்ளை எலி என்பதால் அந்தத் தொல்லை இல்லை. மழிப்பது மட்டும் போதும்.

நிலாமுற்றம், உங்களுக்கு இன்னொரு யோசனை. 4டி1 செல்களுக்கு 6-தயோகுவானினைத் தாங்கும் சக்தி உண்டு. எலியின் சொந்தச் செல்கள் அதில் செத்துவிடும். எலியை முடிக்கும் நாளில் கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நொதியில் கரைத்து, அந்த மருந்து கலந்த வளர்ப்புநீரில் விடுங்கள். 10 முதல் 14 நாளில் முளைக்கும் கூட்டங்கள் அத்தனையும் புற்றுச்செல். அந்தத் தட்டின் மேல் லூசிஃபெரினை ஊற்றிக் கேமராவில் வையுங்கள். எல்லாக் கூட்டமும் ஒளிர்ந்தால் மரபணு பத்திரமாக இருக்கிறது. சில இருண்டு கிடந்தால், விளக்கைத் தொலைத்த செல்கள் கட்டிக்குள் பெருகிவிட்டன என்று பொருள்.

அது நடக்க இரண்டு வழி. மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதியான புரமோட்டரின் மேல் மெத்தில் தொகுதிகள் ஒட்டி அதை அடக்கிவிடலாம். சைட்டோமெகலோ வைரஸின் புரமோட்டரில் இது அடிக்கடி நேரும். அல்லது எலியின் நோயெதிர்ப்பு. பால்ப்-சி எலிக்கு நோயெதிர்ப்பு முழுதாக இருக்கிறது. லூசிஃபெரேஸ் அதற்கு அந்நியப் புரதம். ஒளிரும் செல்களைத் தேடித் தேடி அழித்துவிட்டு, ஒளிராதவற்றை அது விட்டுவைக்கலாம். ஜிஎஃப்பிக்கும் இதே கதிதான் என்பதைப் பச்சைத்துளிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாயில்லாஜீவன்:

நான் விலங்குக்கூடத்தில் கால்நடை மருத்துவர். எல்லோரும் ஒளியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எலியைப் பற்றிப் பேச வந்தேன்.

இந்த முறையை நான் மனதார ஆதரிப்பவன். இது வருவதற்கு முன், கட்டி பரவுவதைக் காண வேண்டுமானால் முதல் வாரம் ஒரு கூட்டத்தைக் கொல்வார்கள், இரண்டாம் வாரம் இன்னொன்றை, மூன்றாம் வாரம் இன்னொன்றை. இன்றைக்கு அதே எலியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்க்கிறோம். மாற்று, குறைப்பு, மேம்படுத்தல் என்று வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இல் விலங்குச் சோதனைகளுக்கு வகுத்த மூன்று நெறிகளில், குறைப்பு என்பதை நான் கண்ணாரக் கண்டது இந்த இருட்டுப் பெட்டியில்தான். ஒவ்வோர் எலிக்கும் அதுவே ஒப்பீடு என்பதால் எண்ணிக்கையும் குறைவாகவே வேண்டியிருக்கிறது.

ஆனால் நிலாமுற்றம், 24ஆம் நாள், 11 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டியின் மேல் தோல் எப்படி இருக்கிறது? 4டி1 தோலைப் பிளந்துகொண்டு புண்ணாகும் வகை. அலைநீளம் பொருக்கு என்று சொன்னதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. புண் வந்துவிட்டால் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த முடிவுப் புள்ளியைப் பாருங்கள். ஒரு வாரத் தரவுக்காக எலியை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. எடை குறைகிறதா, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருக்கிறதா, மயிர் சிலிர்த்து நிற்கிறதா என்று தினமும் பாருங்கள்.

மயக்க மருந்து பற்றியும் ஒன்று. பொது மயக்க மருந்துகள் மின்மினி லூசிஃபெரேஸையே நேரடியாகத் தடுக்கக்கூடியவை. 1984இல் நிக்கோலஸ் ஃபிராங்க்ஸும் வில்லியம் லீபும் அதைக் குழாயிலேயே காட்டினார்கள். மயக்க மருந்து புரதத்தைப் பிடிக்கிறது என்பதற்கு அன்றைக்கு அதுதான் பெரிய சான்று. ஆகவே ஐசோஃபுளுரேன் அளவை ஒரு நாள் கூட்டி ஒரு நாள் குறைத்து வைக்காதீர்கள். மயங்கிய எலியின் உடல் மளமளவென்று குளிரும். மேடைச் சூட்டை 37இல் வையுங்கள். கண்ணுக்குக் களிம்பு தடவுங்கள், திறந்தபடியே கிடக்கும் கண் காய்ந்துபோகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

32 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன். உங்கள் உரையாடலை இரவு முழுதும் வாசித்தேன். எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இல்லாத கதை இது. இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

ஒசாமு ஷிமோமுரா, 1961ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பருக்கு ஜெல்லி மீன் பிடிக்கப் போனார். நம் மீனவர்கள் சொறி என்று ஒதுக்குகிற உயிர். அதன் விளிம்பை அறுத்துப் பிழிந்து, ஒளிரும் பொருளைப் பிரிக்க முயன்று முயன்று தோற்று, ஒருநாள் மிச்சச் சாற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டு விளக்கை அணைத்தார். தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது. அதில் கடல்நீர் விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியம்தான் தூண்டுகோல் என்று புரிந்துகொண்டார். அந்தக் கோடையில் மட்டும் ஏறக்குறைய 10,000 ஜெல்லி மீன்கள். பிரித்தெடுத்த நீல ஒளிப் புரதமான ஈக்வோரினோடு கூடவே வந்த பச்சைப் புரதத்தை 1962ஆம் ஆண்டுக் கட்டுரையில் போகிற போக்கில்தான் குறித்தார். அதுதான் நீங்கள் பேசும் ஜிஎஃப்பி. பதினாறு வயதில் நாகசாகி அணுகுண்டின் ஒளியைத் தொலைவிலிருந்து கண்டவர் அவர்.

மற்றவர் டக்ளஸ் பிராஷர். அந்தப் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் படியெடுத்து 1992இல் வெளியிட்டவர். பணம் நின்றுபோய் ஆராய்ச்சியைத் தொடர முடியாத நிலை வந்தபோது, தன்னிடமிருந்த மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்தார். 1994இல் சால்ஃபி அதைப் புழுவுக்குள் ஒளிர வைத்தார். சியன் அதைப் பிரகாசமாக்கி, பல வண்ணமாக்கினார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். பின்னர் சியனின் ஆய்வகத்திலேயே சில ஆண்டுகள் வேலை செய்தார். கையிலிருந்த செல்வத்தை உறைக்குள் போட்டு அடுத்தவருக்கு அனுப்ப எப்படிப்பட்ட மனம் வேண்டும்! வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டதே என்று இருக்கிறது.

நிலாமுற்றம், மகளே, உன் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: உனக்கு வசதியான முடிவு வராத எலிகளைப் பார்த்து நீ சந்தேகப்பட்டாய். வசதியான முடிவு வந்த எலிகளையும் அதே போலக் கேள்.

தாமிரபரணி:

நான் இந்தத் துறை ஆள் இல்லை. என் அண்ணனுக்கு மூளையில் கட்டி, அடுத்த மாதம் அறுவை. எலிக்குள் கட்டி தானாக ஒளிர்கிறது என்று படித்ததும் இங்கே வந்தேன். மனிதருக்கும் இப்படிச் செய்ய முடியுமா? தவறான இடத்தில் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

நரம்புநூல்:

தாமிரபரணி, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நரம்பியல் அறுவைப் பயிற்சியில் இருக்கிறேன்.

இங்கே இவர்கள் பேசும் முறையில், எலிக்குள் வைப்பதற்கு முன்பே செல்லுக்குள் மரபணுவைச் செருகிவிடுகிறார்கள். உங்கள் அண்ணனின் கட்டி தானாக வளர்ந்தது. அதற்குள் மின்மினி மரபணுவை இப்போது கொண்டுபோய் வைக்க வழியில்லை. ஆனால் ஒளிர வைக்க வேறு வழி இருக்கிறது. 5-அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தை நீரில் கலந்து, மயக்கம் கொடுப்பதற்கு சுமார் மூன்று மணிநேரம் முன் குடிக்கத் தருவார்கள். வேகமாக வளரும் கிளையோமா வகைக் கட்டிகளின் செல்கள் அதைப் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். அறுவை நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும், நல்ல மூளை ஒளிராது. வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த இடத்தில், நீல ஒளிக்கு மாற்றியதும் ஓரத்தில் விட்டுப்போன ஒரு கீற்று சிவந்து நின்றதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

2006இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இந்த ஒளியோடு அறுத்தவர்களில் 65 சதவீதத்தினருக்குக் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்த கட்டி முழுதாக அகன்றது. சாதாரண வெளிச்சத்தில் அறுத்தவர்களில் அது 36 சதவீதம். ஆறு மாதம் கட்டி திரும்பாமல் இருந்தவர்களும் அதிகம். மொத்த ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லா மூளைக்கட்டிக்கும் இது பொருந்தாது. உங்கள் அண்ணனின் கட்டி எந்த வகை, இது பயன்படுமா என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். கொடுத்தால், அதன் பிறகு ஓரிரு நாள் வெயிலும் பளிச்சென்ற விளக்கும் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி:

மிக்க நன்றி டாக்டர். நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்கிறோம். நீங்கள் எழுதியதை அப்படியே தாளில் எழுதி எடுத்துப்போகிறேன்.

நிலாமுற்றம்:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

குளிரறை அக்கா சொன்னபடி மறுநாளே 2 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். பெரிய கட்டி உள்ள எலியில் 10ஆம் நிமிடம் ஒளி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. உச்சம் 22ஆம் நிமிடத்தில் வந்தது. புதிதாகச் செல் செலுத்திய சின்னக் கட்டி எலியில் 12ஆம் நிமிடத்தில். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது கை நடுங்கியது. உச்சத்தை எடுத்துக் கணக்கிட்டால் சரிவின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. முழுதும் மறையவில்லை.

வாயில்லாஜீவன் ஐயா கேட்ட கேள்வி என்னைக் குத்தியது. இரண்டு எலிகளுக்குக் கட்டியின் மேல் தோல் பளபளத்துச் சிவந்து, வெடிக்கும் நிலையில் இருந்தது. அன்றைக்கே கூடத்தின் மருத்துவரிடம் காட்டி, அவற்றை முடித்துவிட்டோம். மீதியையும் அந்த வாரத்துக்குள் முடித்தோம். நான் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் புண்ணின் அறிகுறியை அட்டவணையில் தனிப் பத்தியாகப் போட்டிருக்கிறேன்.

கட்டியைக் குறுக்கே வெட்டியதும் நடுவில் வெளிறிய மஞ்சளாகக் கூழ் போல இருந்தது. உயிருள்ள சதை ஓரத்தில் ஒரு வளையம்தான். காலிப்பர் கூழையும் அளந்திருக்கிறது. 6-தயோகுவானின் தட்டில் முளைத்த கூட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இருண்டு கிடந்தன. மரபணு அடங்கியதா, எலியின் நோயெதிர்ப்பு பொறுக்கி அழித்ததா என்று பிரித்தறிய, நோயெதிர்ப்பு இல்லாத எலிகளில் அதே செல்லை வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று. முதல் கட்டியின் ஒளி கேமராவை நிறைத்துவிடுவதால் நெஞ்சுப் பகுதி எப்போதும் இருட்டாகவே தெரியும். எலிகளை முடிப்பதற்கு முன் ஒரு முறை, கட்டியின் மேல் கறுப்புத் தாளை வெட்டிப் போர்த்தி, 5 நிமிடம் திறந்து எடுத்தேன். நெஞ்சில் மூன்று புள்ளிகள். நுரையீரலை வெளியே எடுத்து லூசிஃபெரின் கரைசலில் மிதக்கவிட்டபோது அதே மூன்று, கூட இன்னும் பல, கடுகைத் தூவியது போல. உயிருள்ள எலியில் நான் மூன்றைத்தான் கண்டேன். மற்றவை ஆழத்திலேயே நின்றுவிட்டன.

ஆழத்துக்கு வேறு விளக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. நானோலக் என்ற வேறொரு லூசிஃபெரேஸ் பிரகாசமானது என்கிறார்களே, அதற்கு மாறலாமா?

அலைநீளம்:

நானோலக் சின்னது, வெறும் 19 கிலோடால்டன். ஆழ்கடல் இறாலிலிருந்து வந்தது, மிகப் பிரகாசம், ஏடிபியும் வேண்டாம். ஆனால் அதன் ஒளி 460 நானோமீட்டர், நீலம். நுரையீரலின் இரத்தத்துக்குள் அந்த நீலம் எங்கே கரையேறும்? உங்கள் தேவைக்கு 2018இல் ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் அட்சுஷி மியாவாக்கியின் குழு வெளியிட்ட அகாலக்கைப் பாருங்கள். மின்மினி நொதியையே மாற்றியமைத்து, லூசிஃபெரினையும் மாற்றியிருக்கிறார்கள். ஒளியின் உச்சம் 650 அருகே போகிறது. எலியின் நுரையீரலில் சிக்கிய ஒற்றைச் செல்லைக்கூட வெளியிலிருந்து கண்டார்கள். மார்மோசெட் குரங்கின் மூளைக்குள்ளிருந்தும் ஒளி வெளியே வந்தது.

குளிரறை:

மாறுங்கள், ஆனால் ஒரு வேண்டுகோள். புதிய செல்லை எலிக்குள் வைப்பதற்கு முன், மரபணு ஏறிய செல்லைத் தேர்ந்தெடுக்கும் மருந்து கலக்காத வளர்ப்புநீரில் ஆறு வாரம் வளர்த்து, வாரம் ஒருமுறை ஒளியை அளந்து பாருங்கள். ஒளி நிலைக்காத செல்லை எலிக்குள் வைத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை. உடன் ஒரு சிவப்புப் புரதத்தையும் அதே மரபணுத் துண்டில் கோத்துவிட்டால், எலியை முடித்த பிறகு நுரையீரல் சீவலில் ஒவ்வொரு செல்லையும் நுண்ணோக்கியில் எண்ணலாம். உயிரோடு இருக்கும்போது மின்மினி, பிறகு பவளம். உங்கள் 22ஆம் நிமிட வளைவைப் படமாக இங்கே ஏற்றுங்கள். அடுத்த முறை என் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

நிலாமுற்றம்:

வளைவை இன்று மாலை ஏற்றுகிறேன் அக்கா. ஆறு வாரக் கணக்கைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன்.